ஆறு பச்சை உடுப்புகள்

மேஸ்திரி முனுசாமி தானே நடந்து வந்து ஒருவரைப் பார்க்கிறார் என்றால், அந்த ஆளுக்கு நேரம் சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல சேதியாக இருந்தால் யாரையாவது விட்டுக் கூப்பிட்டு அனுப்புவார். கெட்டதுக்குத்தான் கால் நோக நடப்பார். அதனால் 1977 மார்ச் மாதத்தில் ஒரு நடுப்பகலில், கம்பி மில்லின் கேட்டை நோக்கி அவர் வெயிலில் தன்னந்தனியாக வருவதைப் பார்த்ததும் வாட்ச்மேன் சுப்பராயன் எழுந்து நின்றுவிட்டார்.

மில், கும்மிடிப்பூண்டிக்கும் எளாவூருக்கும் நடுவே கல்கத்தா ரோட்டின் மேல் இருந்தது. அதில் வேலை செய்த நானூறு பேரில் முந்நூறு பேர் முனுசாமி பிடித்துக் கொடுத்த ஆட்கள். பக்கத்துக் காலனியே அவர் கையில் என்று சொல்ல வேண்டும். பத்து வருஷத்துக்கு முன் அந்தக் காலனி ஜனங்கள் கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது இரும்பு காய்ச்சுகிறார்கள். அன்றைக்குக் கழனிக்காரருக்குப் பயந்தார்கள், இன்றைக்கு முனுசாமிக்குப் பயப்படுகிறார்கள். முன்னேற்றம் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

சுப்பராயனும் அதே காலனிதான். ஆனால் இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, ஹவில்தாராக வீடு திரும்பியவர். சீனாக்காரனைப் பார்த்தாயிற்று. பாகிஸ்தான்காரனை இரண்டு தடவை பார்த்தாயிற்று. அப்படிப்பட்ட மனிதர் போயும் போயும் ஒரு மேஸ்திரியைப் பார்த்து எழுந்து நிற்க வேண்டியதாகிவிட்டது. காரணம், மகன்.

சின்னராசு அவருக்கு ஒரே பிள்ளை. இருபத்துமூன்று வயது. மில்லில் உலைக்குப் பக்கத்தில் வேலை. போன ஆகஸ்டில் ஒரு தொழிலாளிக்குக் கை வெந்துபோனபோது, ஆஸ்பத்திரிச் செலவை மில் ஏற்க வேண்டும் என்று கேட்டுப் பதினொரு பேர் வேலையை நிறுத்தினார்கள். எமர்ஜென்சி காலம். வேலையை நிறுத்துவது என்ன, நின்று மூச்சு விடுவதே குற்றம். அன்று சாயங்காலமே வேன் வந்து பதினொரு பேரையும் அள்ளிக்கொண்டு போயிற்று. பொங்கலுக்குள் பத்துப் பேர் திரும்பி வந்தார்கள். நவம்பரில் சின்னராசுவை மட்டும் தனியாகப் பிரித்து வேறு ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். எந்த ஜெயில் என்பது அவர்களுக்கும் தெரியவில்லை. சுப்பராயன் மனுமேல் மனு எழுதிப் போட்டார். பதில் சொல்ல ஒரு நாதி இல்லை.

"இன்னா அவில்தார், துன்னாச்சா?" என்று கேட்டுக்கொண்டே முனுசாமி நிழலுக்குள் வந்தார்.

"ஆச்சு மேஸ்திரி."

"புள்ள சேதி எதுனா?"

"இல்ல."

முனுசாமி சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். "இத பாரு. உனுக்குத்தான் இங்கிலீஷ் எயுத்து தெரியுமே."

டைப் அடித்த காகிதம். பட்டாளத்தில் கற்ற எழுத்தை வைத்துச் சுப்பராயன் விரலால் கூட்டிப் படித்தார். சின்னராசு, தகப்பன் பெயர் சுப்பராயன். விடுதலை. கீழே கையெழுத்துப் போடுகிற இடம் வெறுமையாக இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முனுசாமி காகிதத்தை மெல்ல உருவிக்கொண்டார்.

"ஓட்டு முடிஞ்ச மறுநாளு கையெயுத்து வியும். நாலாம் நாளு புள்ள ஊட்ல இருப்பான். நான் பேசி முடிச்சிகினு வந்துட்டேன்."

"நான் இன்னா செய்யணும்?"

"ஒண்ணியும் செய்ய வாணாம், அதான் விசயம். பயைய உடுப்பு வச்சிகினு கீறல்ல? அத மாட்டிகினு ஓட்டு அன்னிக்கி காலீல ஸ்கூலாண்ட வந்து நில்லு. இன்னும் அஞ்சு பேரு வருவானுங்க, அல்லாம் உன்ன மாரி ரிட்டையர் கேசுதான். பேச வாணாம். அடிக்க வாணாம். காலனி பாதைய பாத்து சும்மா நின்னா போதும்."

"பட்டாளத்து உடுப்ப இஷ்டத்துக்குப் போடக்கூடாது மேஸ்திரி. ரூலு கீது."

"போன வருசம் ஆபரேசன் லாரி வந்தப்ப மாட்டிகினு நின்னியே. அப்ப எங்க பூட்ச்சி ரூலு?"

உண்மைதான். போன வருஷம் ஏப்ரலில் குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க ஒரு லாரி காலனிக்குள் வந்தது. கல்யாணம் ஆகாதவனைக்கூட விடமாட்டார்கள் என்று பேச்சு. ஆம்பிளைகள் எல்லாம் சவுக்குத் தோப்புக்கு ஓடினார்கள். சுப்பராயன் மட்டும் பெட்டியைத் திறந்து, பச்சை உடுப்பை மாட்டி, மெடல்களைக் குத்திக்கொண்டு காலனி முனையில் போய் நின்றார். லாரியில் வந்த ஆபீசர் அவரை மேலும் கீழும் பார்த்தார். மெடலைப் பார்த்தார். வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். அதிலிருந்து காலனியில் யாருக்காவது ஒன்று என்றால், "அவில்தார் மாமாவ உடுப்பு போடச் சொல்லு" என்பதுதான் முதல் பேச்சு.

ஆனால் முனுசாமிக்கு நினைவிருந்தது வேறொரு உடுப்பு. அறுபத்தைந்தாம் வருஷம் இந்திக் கலாட்டாவின்போது இந்த ரோட்டில் மிலிட்டரி லாரிகள் போயின. மூன்று நாள் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தை அழுதால் வாயைப் பொத்தினார்கள். அந்தப் பயம் இன்னும் ஜனங்களுக்கு இருக்கும் என்பது அவர் கணக்கு. காலனியில் அறுநூறு ஓட்டு. பதினொரு பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனவர்களுக்கு அதில் ஒன்றுகூட விழாது என்று அவருக்குத் தெரியும். வராமல் இருந்துவிட்டால் அந்த அறுநூறையும் அவர் ஆட்களே போட்டுவிடுவார்கள்.

"யோசன பண்ணிகினு பேஜார் பண்ணாத," என்று கிளம்பும்போது முனுசாமி சொன்னார். "நிக்கறதுக்கு இன்னா யோசன?"

அவர் போன பிறகு சுப்பராயன் கேட்டில் உட்கார்ந்து, உள்ளே போகிற லாரிகளை எண்ணி எழுதக்கூட மறந்தார். அவருக்கு அறுபத்தேழாம் வருஷத்துத் தேர்தல் ஞாபகம் வந்தது. வடக்கே எல்லையோரம் ஒரு மலைக்கிராமம். கலகக்காரர்கள் சுடுவார்கள் என்று ஓட்டுச்சாவடிக்குக் காவல் நிற்க அவருடைய பிளாட்டூனை அனுப்பினார்கள். கிளம்புமுன் கம்பெனி கமாண்டர் கொடுத்த கட்டளை அன்றைக்கு அவருக்கு வேடிக்கையாக இருந்தது. சாவடியைப் பார்த்து நிற்கக் கூடாது. ஓட்டுப் போட வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி, வெளியே பார்த்து நிற்க வேண்டும். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எந்தச் சிப்பாயும் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒரு பையன் வளையல் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினான். ஏழு நாள் முதுகில் மூட்டையோடு மைதானத்தைச் சுற்றி ஓடவைத்தார்கள்.

தண்டனை கொஞ்சம் அதிகம் என்று சுப்பராயன் முணுமுணுத்தபோது சுபேதார் அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். எல்லைக்கு அந்தப் பக்கம் பாகிஸ்தான்காரன் இருக்கிறானே, அவனும் நாமும் ஒரே பட்டாளம். ஒரே பேண்டு, ஒரே மார்ச், ஒரே சல்யூட். நாட்டைப் பிரித்தபோது தட்டு டம்ளரைக்கூடப் பங்கு போட்டுக்கொண்டோம். அவன் ஒரு நாள் உள்பக்கம் திரும்பி, சொந்த நாட்டையே பிடித்துக்கொண்டான். பத்து வருஷமாச்சு, இன்னும் வெளிப்பக்கம் திரும்பவில்லை. அங்கே எவனும் ஓட்டுப் போடுவதில்லை, சல்யூட்தான் போடுகிறான். புரிகிறதா?

அப்போது புரிந்ததாகத் தலையாட்டிவிட்டார். இந்த மில் கேட்டில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உண்மையாகவே புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம்? பிள்ளையின் பெயர் முனுசாமியின் சட்டைப் பையில் இருந்தது.

வீட்டில் மனைவி கங்கம்மாவிடம் மறைக்க அவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"காயிதத்துல பேரு கீதா? நீயே பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்பறம் இன்னாய்யா? போய் நில்லு."

"ஊரு ஜனத்த பயமுறுத்தணும் கங்கம்மா. நம்ம ஜனம். அவங்க ஓட்ட அவன் போட்டுக்குவான்."

"ஓட்டு இன்னாய்யா ஓட்டு!" என்று அவள் கத்தினாள். "நேத்தி வரைக்கும் போட்டு இன்னா கண்டோம்? எம்புள்ள ஏயு மாசமா எங்க கீறான்னே தெரில. துன்னானா, தூங்குனானா, உசுரோட... சும்மா நிக்கறதுக்கு உனுக்கு வலிக்குதா? நாட்டுக்காக இருவத்திரெண்டு வருசம் நின்னியே. உம்புள்ளைக்கி ஒரு நாளு நில்லேன்."

மறுநாள் அவளே பெட்டியைத் திறந்து உடுப்பை எடுத்தாள். தெருக்கோடியில் இஸ்திரிப் பெட்டி வைத்திருந்தவரிடம் அதை இரவல் வாங்கி, வாசலில் பலகை போட்டு, கரி நெருப்பு ஊதி, மடிப்பு மடிப்பாகத் தேய்த்தாள். தெருவே பார்த்தது. அவள் யாரோடும் பேசவில்லை. கண்ணீர் சொட்டி உடுப்பில் விழுந்த இடத்தையும் அப்படியே தேய்த்துக் காயவைத்தாள்.

தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு ஜீப் வர ஆரம்பித்தது. தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு வரும். கிணற்றடியில் நிற்கும். யாரும் இறங்க மாட்டார்கள். பத்து நிமிஷம் கழித்துப் போய்விடும். மூன்றாம் நாள் அந்த நேரத்துக்குத் தண்ணீர் இறைக்க ஒருத்தியும் போகவில்லை. நான்காம் நாள் சில வீட்டுக் கதவுகளில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்திருந்தது. யார் இழுத்தார்கள், எப்போது இழுத்தார்கள் என்று தெரியவில்லை. கோடு போட்ட வீட்டுக்காரர்கள் அழிக்கவும் பயந்தார்கள், வைத்துக்கொள்ளவும் பயந்தார்கள். டீக்கடையில், "ஓட்டு அன்னிக்கி மிலிட்டரி வருதாம், கண்டா சுடச் சொல்லி ஆர்டராம்" என்று முனுசாமியின் ஆட்கள் சத்தமாகவே பேசினார்கள். காலனி ஜனங்கள் கேட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். அந்த மௌனத்தைப் பார்த்து முனுசாமிக்குப் பரம திருப்தி. சுப்பராயனுக்கு இரவு பகல் என்று தூக்கமே இல்லாமல் போயிற்று. நடந்து போகிறபோது, வீட்டு வாசல்களில் இருந்தவர்கள் தன்னை உற்றுப் பார்ப்பது போல் அவருக்குத் தோன்றியது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஓட்டு நாளும் வந்தது. பள்ளிக்கூட வாசலுக்கு ஒரு புறம் காலனியிலிருந்து வருகிற ஒற்றையடிப் பாதை. மறுபுறம் கல்கத்தா ரோடு. ரோட்டோரம் முனுசாமியின் ஜீப்பும் பதினைந்து தடியன்களும். பாதைக்குக் குறுக்கே, ரோட்டுக்கு முதுகைக் காட்டி, காலனியைப் பார்த்தபடி ஆறு பச்சை உடுப்புகள் வரிசையாக நின்றன. ஆளுக்கொரு மூங்கில் தடி. ஆறு பேருக்கும் முனுசாமியிடம் ஆளுக்கொரு விதமாகக் குடுமி சிக்கியிருந்தது. பக்கத்தில் நின்ற சாலமோன் பழைய லான்ஸ் நாயக், எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் கால் விரல்கள் போனவர். அவர் உடுப்பு தொந்தியை மூட மறுத்ததால் நடுவில் ஊசி குத்தியிருந்தார். வேறு நாளாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும்.

காவலுக்கு வந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். எப்போது திரும்பி வருவார்கள் என்று கேட்க யாரும் இல்லை. சாவடி அதிகாரி யதிராஜன் திருவள்ளூரில் பள்ளி வாத்தியார். நெற்றியில் திருமண். கையில் பேனா. பதறிக்கொண்டு வெளியே வந்தார்.

"நீங்கள்ளாம் எங்கேர்ந்து வரேள்? மிலிட்டரி வரதா எனக்கு ஆர்டர் ஒண்ணும் வரலையே?"

முனுசாமிதான் ஜீப்பிலிருந்து பதில் சொன்னார். "மேலேந்து வந்த ஆர்டர் சார். அல்லாத்தியும் உங்களாண்ட சொல்லிகினா இருப்பாங்க? உள்ள போய் வேலைய பாருங்க."

யதிராஜன் ஜீப்பைப் பார்த்தார். தடியன்களைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். அவரைக் குறை சொல்லி என்ன? அவருக்கும் குடும்பம் இருந்திருக்கும்.

மணி எட்டு. எட்டரை. காலனிப் பாதையில் ஒரு நாய்கூட வரவில்லை. சுப்பராயனுக்கு நெஞ்சில் ஒரு ஓரத்தில் நிம்மதி பிறந்தது. யாரும் வராவிட்டால் தான் யாரையும் தடுக்கவில்லை என்றாகிவிடும். நின்றேன், அவ்வளவுதான். பிள்ளையும் வந்துவிடுவான். தப்புச் செய்கிறவனுக்கு இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு கிடையாது. அந்த நிம்மதியில் அவர் தோளைக்கூடக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார்.

ஒன்பது மணிக்குப் பாதையில் புழுதி கிளம்பியது. முதலில் பெண்கள். திருவிழாவுக்குப் போகிறது போல் நல்ல புடவை, தலையில் பூ. பின்னால் ஆம்பிளைகள். கிழடு கட்டைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். காலனியே திரண்டு வந்தது. முன்னால் வந்தவள் விக்டோரியா. போன ஆகஸ்டில் கை வெந்துபோனவன் அவள் புருஷன்தான். நேராகச் சுப்பராயன் எதிரில் வந்து நின்று, முகம் மலரச் சிரித்தாள்.

"மிலிட்டரி வருதுன்னு சொன்னதும் ஒரே பயமாப் பூடுச்சிண்ணே. ஓட்டும் வாணாம் ஒண்ணியும் வாணாம்னு கதவ சாத்திகினு இருந்துடலாம்னுதான் இருந்தோம். அப்பறம் அண்ணி உங்க உடுப்ப தேச்சிகினு கீறத பாத்துட்டம். அட, மிலிட்டரின்றது நம்ம அவில்தாரு! லாரிய திருப்பி அனுப்புன மாரி நமக்காவத்தான் வந்து நிக்கப் போறாருன்னு அல்லாருக்கும் சொன்னேன். நீங்க நிக்கறீங்கன்னுதான் வந்தோம்."

சுப்பராயனுக்குக் காது அடைத்துக்கொண்டது. தெருவில் அத்தனை பேரும் தன்னை உற்றுப் பார்த்தது இதற்குத்தானா? தன்னைத் திருடன் என்று பார்க்கிறார்கள் என்றல்லவா அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

பின்னாலிருந்து முனுசாமியின் செருப்புச் சத்தம் வந்து காதருகே நின்றது. சிரித்த முகத்தோடு, மெதுவான குரலில் பேசினார். "இன்னா கத கேட்டுகினு கீற? மறி. தடிய தூக்கி ஒருத்தி கால்ல போடு. ஒருத்தி வியுந்தா அல்லாம் ஓடும்."

"நிக்கத்தான் சொன்ன மேஸ்திரி. நின்னுட்டேன்."

"இப்ப மறின்றேன். புள்ள வேணுமா, வாணாமா?"

சொல்லிவிட்டு, எல்லாரும் பார்க்க ஒதுங்கி ரோட்டோரமாகப் போய் நின்றுகொண்டார். சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பிரித்துப் பிடித்தார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சுப்பராயன் விக்டோரியாவைப் பார்த்தார். அவள் தலையில் இருந்த கனகாம்பரத்தைப் பார்த்தார். அவருக்குச் சின்னராசு பிறந்த சேதி கடுதாசியில் வந்து சேர்ந்த நாள் ஞாபகம் வந்தது. ஒன்றரை வயசில்தான் பிள்ளையைக் கண்ணால் பார்த்தார். அப்போதும் நாட்டுக்குத்தான் நின்றுகொண்டிருந்தார். இன்னொரு தடவை அவனை விட்டுக்கொடுக்க எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? தடியைப் பிடித்த கை தூக்கத்தான் தூக்கியது. பொய் சொல்லக் கூடாது, அரை அடி மேலே போனது. விக்டோரியா அதைப் பார்த்தாள். அப்போதும் சிரிப்பை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் ஏதோ டிரில் செய்யப் போகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நம்பிக்கைதான் அவரைக் கொன்றது.

"ஸ்குவாட்..." என்று அடிவயிற்றிலிருந்து குரல் வந்தது. ஐந்து வருஷமாகப் போடாத குரல். "சாவ்தான்!"

ஆறு ஜோடி பூட்ஸ் ஒன்றாக மோதின. கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. ரோட்டோரத்தில் முனுசாமி சிரித்தார்.

"பீச்சே முட்!"

ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கட்டளைக்குக் கால் தானே திரும்பிவிடும், அப்படித்தான் பழக்கிவைத்திருக்கிறார்கள். ஆறு பேரும் திரும்பினார்கள். இப்போது காலனி ஜனங்களுக்கு முதுகு. முனுசாமிக்கும் ஜீப்புக்கும் பதினைந்து தடியன்களுக்கும் முகம்.

"எவனும் பின்னால திரும்பிப் பாக்கக் கூடாது," என்றார் சுப்பராயன். பிறகு தலையைத் திருப்பாமலே, "விக்டோரியா, அல்லாரையும் கூப்பிட்டுகினு உள்ள போ," என்றார்.

முதுகுக்குப் பின்னால் புடவைகள் உரசிக்கொண்டு நடந்தன. தடியன்களில் நான்கு பேர் முன்னால் வந்தார்கள். சாலமோன், ஊசி குத்திய தொந்தியோடு, தடியை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்தார். மற்ற நால்வரும் அப்படியே செய்தார்கள். அறுபத்தைந்தாம் வருஷத்துப் பயம் காலனிக்காரனுக்கு மட்டும் சொந்தமா என்ன? தடியன்களும் அந்தந்த வீட்டில் வாய் பொத்தப்பட்ட பொடியன்களாக இருந்தவர்கள்தான். பச்சை உடுப்பு முகம் பார்த்து நின்றதும் அவர்கள் கால் நகரவில்லை.

முனுசாமி காகிதத்தை நிதானமாக நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "உன் புள்ளைய நீயே கொன்னுட்ட அவில்தார்," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

சாயங்காலம் ஐந்து வரைக்கும் அவர்கள் நின்றார்கள். மூடுகிற நேரத்துக்கு யதிராஜன் வெளியே வந்து, சுப்பராயன் காதருகே தயங்கித் தயங்கிச் சொன்னார். "உங்க பேரும் லிஸ்ட்ல இருக்கே. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. வந்து போட்டுட்டுப் போயிடுங்கோ."

"உடுப்போட உள்ள வரமாட்டேன் சார்."

வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வர நேரம் இல்லை. காலனி முழுக்க ஓட்டுப் போட்ட அன்றைக்கு அவர் போடவில்லை.

கங்கம்மாவுக்கு அவர் வருமுன்பே சேதி வந்துவிட்டது. முனுசாமி சொன்ன வார்த்தையும் வந்துவிட்டது. அவள் அழவில்லை. சாப்பாட்டை வைத்தாள், பேச்சை நிறுத்தினாள். மில்லில் மறுநாளே வேலை போயிற்று. நாலாம் நாள் என்று முனுசாமி சொல்லியிருந்தார் அல்லவா, அன்று காலையிலிருந்து கங்கம்மா வாசற்படியில் உட்கார்ந்து பாதையைப் பார்த்தாள். சாயங்காலம் எழுந்து உள்ளே போகும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "கொலகாரன்."

அதற்குள் டில்லியில் ஆட்சி கவிழ்ந்துவிட்டது. எமர்ஜென்சியை எடுத்துவிட்டார்கள். ஜெயில்களைத் திறந்துவிட்டார்கள், மாலையும் மேளமுமாக ஆட்கள் வெளியே வந்தார்கள். முனுசாமி தோளில் வேறு கலர் துண்டு ஏறிவிட்டது. இனி எவன் கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டாம், சின்னராசு தானே வந்துவிடுவான் என்று சுப்பராயன் நம்பினார். வரவில்லை. அவர் ஜெயில் ஜெயிலாக ஏறி இறங்கினார். முதல் இரண்டு இடத்தில் அந்தப் பெயரே இல்லை என்றார்கள்.

மூன்றாவது ஜெயிலில் ஒரு குமாஸ்தா பெரிய பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே போய், ஒரு பக்கத்தில் நின்றார். சுப்பராயனை உட்காரச் சொன்னார். அரசாங்க ஆபீசில் யாரும் தன்னை உட்காரச் சொன்னதில்லை என்பதால் அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"வாந்தி பேதின்னு எழுதியிருக்கு," என்றார் குமாஸ்தா. "டிசம்பர் பதினெட்டு. மூணு நாள் வச்சிருந்துட்டு, யாரும் வராததால இங்கயே அடக்கம் பண்ணிட்டாங்க."

"எங்களுக்குச் சொல்லலியே சார்."

"ரெஜிஸ்டர் தபால் போயிருக்கே. இதோ, வாங்கிட்டதா கையெழுத்தே இருக்கு." ஒரு சிவப்பு நிறச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். காலனிக்குள் தபால்காரர் வருவதில்லை. காலனிக் கடுதாசியெல்லாம் மில் மேஸ்திரி கொட்டகையில்தான் இறங்கும். சீட்டில் இருந்த கையெழுத்து முனுசாமியுடையது. தேதி, டிசம்பர் இருபத்திரண்டு.

மூன்று மாதத்துக்கு முன்பே மண்ணுக்குள் போனவனுக்கு விடுதலைக் காகிதம் அடித்து, அதைப் பையில் வைத்துக்கொண்டு முனுசாமி வெயிலில் நடந்து வந்திருக்கிறான்.

சுப்பராயன் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் வந்தது அழுகை இல்லை. நான் கொல்லவில்லை, அன்றைக்கு நான் திரும்பியதால் அவன் சாகவில்லை என்று நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பிள்ளை செத்த சேதி கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்ட தகப்பன் உலகத்தில் தான் ஒருவன்தான் இருப்பேன் என்று தோன்றியது. அந்த வெட்கத்தில்தான் அவர் அழுதார். குமாஸ்தா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கங்கம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் முறம் நின்றது. அவர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். தேதியைச் சொன்னார். சீட்டில் இருந்த கையெழுத்தைச் சொன்னார். அவள் தன்னைக் கொலைகாரன் என்று சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்று மனசுக்குள் எதிர்பார்த்தார். அவளுக்கு அதெல்லாம் ஞாபகமே இல்லை.

"எந்தத் தேதின்ன?"

"டிசம்பர் பதினெட்டு. சனிக்கெயம."

கங்கம்மா விரலை மடக்கி, வாய்க்குள் ஏதோ எண்ணினாள். எண்ணி முடித்து அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கித்தான்யா பயவேற்காட்டுலேந்து எறா வாங்கியாந்த. ருசியா கீதுன்னு நான் ரெண்டாந்தரம் சோறு போட்டு துன்னேன்."

இரண்டு கையாலும் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் சாய்ந்தாள். மடியிலிருந்து முறம் சரிந்து அரிசி தரையெல்லாம் கொட்டியது. மூன்று மாதத்துக்கு முன் தின்ற சோற்றை வெளியே எடுத்துவிடப் பார்க்கிறவள் போல அவள் ஓங்கரித்துக்கொண்டே இருந்தாள்.